நார்ஃபோக் துறைமுகத்துக்குள் நுழையும் முன்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயலுக்கு,

அக்டோபர் கடைசியில் உங்கள் பாய்மரப் படகில் அமெரிக்கக் கிழக்குக் கரையின் செசபீக் விரிகுடாவை விட்டு இறங்கி, கடற்படைத் துறைமுகமான நார்ஃபோக்கில் இரண்டு மூன்று நாள் நின்றுவிட்டுத் தெற்கே போகப்போவதாக எழுதியிருந்தாய். போர்க்கப்பல் பக்கத்தில் வந்தால் என்ன செய்வது, நங்கூரம் எங்கே போடுவது, பாலங்கள் எப்போது திறக்கும் என்று மாப்பிள்ளையும் கேட்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். அச்சடித்து சார்ட் (கடல் வரைபட) மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்குப் போன பிறகு போனைத் தடவிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

கடற்படைத் துறைமுகத்தில் ஒரு சின்னப் பாய்மரப் படகு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அடுத்த பத்து நிமிடத்தில் அது எங்கே இருக்கும் என்பதில் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குச் சந்தேகம் வரக்கூடாது. நேரான கோடு, மாறாத வேகம், ரேடியோவில் கூப்பிட்டால் உடனே பதில். காவல் படகில் துப்பாக்கியோடு நிற்பவனுக்கு நீங்கள் யார் என்று தெரியாது, தெரிந்துகொள்ள அவனுக்கு நேரமும் கிடையாது. படகு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மட்டும்தான் அவன் பார்ப்பான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே எழுதியிருக்கும் விதிகளில் பாதி தானாக வந்துவிடும்.

முதலில் நுழையும் வழி. வடக்கிலிருந்து வருகிற உங்களுக்கு ஓல்டு பாயின்ட் கம்ஃபர்ட் முனைதான் வாசல். அதற்கும் எதிரே இருக்கும் ஃபோர்ட் வுல் தீவுக்கும் நடுவில் நுழைந்தால் ஹாம்ப்டன் ரோட்ஸ். ஜேம்ஸ், நான்சமாண்ட், எலிசபெத் ஆகிய மூன்று ஆறுகளும் வந்து சேரும் விரிந்த நீர்ப்பரப்பு அது. சாலை அங்கே தண்ணீருக்கு அடியில் சுரங்கமாகப் போகிறது, அதனால் மாஸ்ட் உயரத்தைப் பற்றிக் கவலை இல்லை. விரிகுடாவின் வாயில் இருக்கும் 17.6 மைல் நீளப் பாலத்திலும் கப்பல் வழி இரண்டு இடங்களில் சுரங்கத்துக்கு மேலேதான் போகிறது. இதற்குக் காரணம் கடற்படைதான். போரில் பாலம் குண்டு விழுந்து இடிந்தால் கப்பல்கள் எல்லாம் உள்ளே மாட்டிக்கொள்ளும் என்று அது மறுத்துவிட்டது. 1957-லும் 1964-லும் திறந்த இந்தச் சுரங்கங்களால் இன்று பாய்மரப் படகுகளுக்கும் வசதி.

கடலுக்குப் போகும் பெரிய கப்பல்கள் திம்பிள் ஷோல் வழியாகப் போகும். அதில் ஒரு விதி பலருக்குத் தெரியாது. 25 அடிக்குக் குறைவாக நீரில் அமிழும் எந்தக் கலமும் அந்த நடு வழியில் ஓடக்கூடாது, குறுக்கே கடக்க மட்டும் அனுமதி. அதற்கு இரண்டு பக்கமும் துணை வழிகள் உண்டு. வடக்குத் துணை வழி மேற்கே உள்ளே வருபவர்களுக்கு, தெற்குத் துணை வழி கிழக்கே கடலுக்குப் போகிறவர்களுக்கு. உங்கள் படகு அமிழ்வது 5 அடி 3 அங்குலம். சார்ட்டில் ஆழம் பார்த்துக்கொண்டு துணை வழிக்கும் வெளியே போக உங்களுக்குத் தண்ணீர் இருக்கிறது. நடு வழியைக் கடக்க நேர்ந்தால் நேர் குறுக்காக, இன்ஜின் போட்டுக் கடந்துவிடுங்கள். சாய்வாக இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

வற்றத்தின் நீரோட்டம் வெளியே ஓடும்போது எதிரே கிழக்குக் காற்று அடித்தால் அந்த வாயில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். உயரம் பார்த்தால் பெரிதாகத் தெரியாது, ஆனால் படகைக் குலுக்கி எடுத்துவிடும். பயப்பட வேண்டியது அலைக்கு அல்ல, அந்தக் குலுக்கலில் டீசல் டாங்கின் அடியில் என்ன நடக்கிறது என்பதற்கு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஓல்டு பாயின்ட்டைத் தாண்டித் தெற்கே திரும்பினால் இடது கைப்பக்கம் சூவல்ஸ் பாயின்ட். உலகத்திலேயே பெரிய கடற்படைத் தளம் அதுதான். 1907-ல் ஜேம்ஸ்டவுன் கண்காட்சி நடந்த இடம், 1917-ல் தளமாகிவிட்டது. விமானந்தாங்கிகளும் டெஸ்ட்ராயர்களும் நீர்மூழ்கிகளும் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். கரைக்கு முன்னால் மிதக்கும் தடுப்பு போட்டிருப்பார்கள், சார்ட்டிலும் தடைப் பகுதியின் எல்லைக்கோடு இருக்கும். அந்தக் கோட்டைத் தொடாமல் போனால் போதும் என்று நினைக்காதே. கோடு நிற்கும் இடத்தில் நிற்கும், கப்பலோ நகரும். கப்பலோடு சேர்ந்து அதன் பாதுகாப்பு வளையமும் நகரும்.

அந்த வளையத்தின் கணக்கு இது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் எதுவானாலும், கட்டியிருந்தாலும் ஓடிக்கொண்டிருந்தாலும், 500 கெஜத்துக்குள் வந்தால் படகைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கத் தேவையான குறைந்தபட்ச வேகத்துக்கு இறங்க வேண்டும். 100 கெஜத்துக்குள் போகவே கூடாது. வழி குறுகலாக இருந்து போயே ஆக வேண்டும் என்றால், முன்கூட்டியே வி.எச்.எஃப். ரேடியோவின் 16-ஆம் சானலில் அந்தக் கப்பலையோ, கூட வரும் கோஸ்ட் கார்டு (கடலோரக் காவல்படை) படகையோ கூப்பிட்டு அனுமதி கேட்க வேண்டும். மீறினால் 6 வருடம் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். ஏதோ மிரட்டலுக்கு எழுதி வைத்தது என்று எண்ண வேண்டாம்.

கெஜத்தைக் கண்ணால் அளக்க முடியாது. அதுவும் 1,090 அடி நீளமுள்ள விமானந்தாங்கி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண் எப்போதும் தப்பாகத்தான் சொல்லும். ராடாரில் ஓர் அளவு வளையத்தைக் கால் கடல் மைலில் வைத்துவிடு. 500 கெஜம் என்பது ஏறக்குறைய அதுதான். கப்பல் அந்த வளையத்தைத் தொடும் முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும். இன்னொரு வளையத்தை 0.1 மைலில் வை. 100 கெஜம் அதில் பாதிதான், ஆனால் கொஞ்சம் இடம் விட்டு வைப்பது நல்லது. ஓல்டு பாயின்ட்டுக்கு வரும் முன்பே பாய்களைச் சுருட்டி இன்ஜினில் ஓடுங்கள். பாயில் போகும்போது குறைந்தபட்ச வேகம் என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும், நீங்கள் இல்லை.

வழியின் எந்தப் பக்கம் என்று மாப்பிள்ளை கேட்டிருந்தார். உள்ளே போகும்போது சிவப்பு மிதவைகள் உங்கள் வலது கைப்பக்கம், அதாவது மேற்கே. அவற்றுக்கு வெளியே ஆழம் இருக்கும் வரை மேற்கு ஓரமாகவே போங்கள். தளம் கிழக்கே இருக்கிறது, நடுவில் முழுக் கப்பல் வழியும் உங்களுக்கு இடைவெளியாகக் கிடைக்கும். அந்த மேற்குப் பக்கத்தில் சரக்குக் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும், அவற்றின் பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள். தெற்கே போகப் போகக் கிரேனி தீவு வந்து இடத்தைக் குறைக்கும். அப்போதுதான் வழிக்குள் வர வேண்டியிருக்கும்.

கப்பல்கள் தங்கள் பெயரையும் இடத்தையும் ரேடியோவில் அனுப்பும் ஏ.ஐ.எஸ். கருவியின் திரையில் ஒன்றும் இல்லை என்றால் கப்பல் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதே. கடற்படைக் கப்பல்கள் பல நேரம் ஏ.ஐ.எஸ். அனுப்பாது. அனுப்பினாலும் பெயருக்குப் பதிலாக வெறும் போர்க்கப்பல் என்றோ அரசுக் கலம் என்றோதான் காட்டும். ஆகவே ஒருவர் சுக்கானில், இன்னொருவர் தொலைநோக்கியோடு வெளியே. இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருமே வெளியே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ரேடியோ இரண்டு சானலில் ஓட வேண்டும்: 16, 13. பெரிய கப்பல்களின் மாலுமி அறைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது 13-ல், பாலங்களைக் கூப்பிடுவதும் அதில்தான். யார் எப்போது துறையை விட்டுக் கிளம்புகிறார்கள் என்பது 13-ஐக் கேட்டுக்கொண்டிருந்தாலே பாதி தெரிந்துவிடும். போர்க்கப்பலைக் கூப்பிட நேர்ந்தால் அதன் முன்பக்கத்தில் வெள்ளையில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லிக் கூப்பிடு. உன் படகின் பெயர், அவர்களுக்கு எந்தப் பக்கம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய், எந்தப் பக்கமாகக் கடக்கப்போகிறாய் என்ற மூன்றும் ஒரே மூச்சில் முடிய வேண்டும். கப்பல் ஐந்து முறை குறுகலாகச் சங்கு ஊதினால், நீ செய்வது அவர்களுக்குப் புரியவில்லை அல்லது ஆபத்து என்று பொருள். உடனே வேகத்தைக் குறைத்துவிட்டு 16-ல் பேசு. கோஸ்ட் கார்டு 16-ல் அறிவிப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டு 22ஏ-க்குப் போகச் சொல்லும். போய்க் கேட்டுவிட்டு வா. கடலில் துப்பாக்கிப் பயிற்சி, மிதவை இடம் மாறியது போன்ற செய்திகள் அதில் வரும்.

இரவில் நுழைய வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் காரணம் உண்டு. விமானந்தாங்கியின் மாஸ்ட் விளக்குகள் மற்றக் கப்பல்களில் இருப்பதுபோல நடுக்கோட்டில் இருக்காது. கப்பலின் மேல்தளத்தில் விமானம் இறங்க வேண்டும் என்பதால் ஒரு பக்கமாக, நெருக்கமாக இருக்கும். விளக்கின் இடைவெளியை வைத்துக் கப்பல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். நீர்மூழ்கியோ மேலே மிதந்து வரும்போதும் தண்ணீரோடு தண்ணீராக இருக்கும், விளக்குகள் தாழ்வாக இருப்பதால் சின்னப் படகு என்று தோன்றும். அதன் அடையாளம் ஒரு மஞ்சள் விளக்கு. மூன்று விநாடிக்கு விநாடிக்கு ஒரு முறை மின்னும், அடுத்த மூன்று விநாடி அணைந்திருக்கும். அதைப் பார்த்தால் ஒதுங்கு. வழியிலே இருட்டிவிட்டால் உள்ளே வராமல், ஓல்டு பாயின்ட்டுக்குப் பக்கத்தில் மில் கிரீக்கிலோ ஹாம்ப்டன் ஆற்றிலோ தங்கிவிட்டுக் காலையில் வாருங்கள். வில்லோபி வளைகுடாவும் பக்கம்தான், ஆனால் தளத்தின் ஹெலிகாப்டர்கள் தலைக்கு மேலேயே பறக்கும், தூக்கம் வராது.

ட்ரோனைப் பெட்டியிலேயே பூட்டி வை. ராணுவத் தளத்தின் மேல் பறக்கவிடுவது குற்றம். மாப்பிள்ளைக்கு அழகான படம் வேண்டும் என்றால் ஊருக்குள் விஸ்கான்சின் கப்பல் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளட்டும்.

இனி நங்கூரம். ஊருக்கு எதிரே, போர்ட்ஸ்மவுத் பக்கம், கடற்படை மருத்துவமனைக்கு முன்னால் ஹாஸ்பிடல் பாயின்ட். கரைக்கு உட்பக்கமாகத் தெற்கே போகும் உள்நாட்டு நீர்வழியின் பூஜ்ய மைல் கணக்குத் தொடங்கும் 36-ஆம் எண் சிவப்பு மிதவையும் அங்கேதான். தெற்கே போகும் படகுகள் எல்லாம் அங்கே நிற்கும். அடித்தளம் சேறு, நன்றாகப் பிடிக்கும். ஆழத்தை 10 அடி என்று வைத்துக்கொள்வோம். அதோடு அணியத்திலிருந்து (படகின் முன்முனையிலிருந்து) தண்ணீர் வரை உள்ள 4 அடியைக் கூட்டு. நீங்கள் வருவது வற்று நேரம் என்றால் ஏற்றத்துக்கு இரண்டரை அடி. மொத்தம் பதினாறரை. அதுக்கு ஐந்து மடங்கு என்றால் 83 அடி சங்கிலி, காற்று வரும் என்றால் ஏழு மடங்கு, 115 அடி. பலரும் அணியத்தின் உயரத்தை விட்டுவிட்டுத் தண்ணீரின் ஆழத்தை மட்டும் பெருக்குவார்கள். ஆழமில்லாத இடத்தில் அந்த 4 அடிதான் கணக்கையே மாற்றுகிறது. பத்தை மட்டும் பெருக்கி 50 அடி விட்டால், உண்மையில் உனக்குக் கிடைப்பது மூன்று மடங்கு.

சங்கிலியை ஒரே குவியலாகக் கொட்டாதே. படகு பின்னால் நகர நகர விடு. முழுதும் போனதும் சங்கிலியின் வெட்டிழுப்பைத் தாங்கும் ஸ்னப்பர் கயிற்றைக் கட்டு, 20 அடி நைலான் போதும். பிறகு இன்ஜினை ரிவர்ஸில் போட்டு மெதுவாக 1,000 சுற்று, சேறு நங்கூரத்தை உள்ளே இழுக்க ஒன்றிரண்டு நிமிடம் விட்டு 1,800. சேற்றில் உடனே முரட்டுத்தனமாக இழுத்தால் நங்கூரம் புதையாமல் வழுக்கிக்கொண்டு வரும். இழுக்கும்போது கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருளைப் பார்த்துக்கொண்டிரு, ஒரு கம்பம், அதன் பின்னால் ஒரு ஜன்னல் என்று வைத்துக்கொள். இரண்டும் விலகாமல் நின்றால் பிடித்துவிட்டது. பகலில் கறுப்புப் பந்தைத் தொங்கவிடு, இரவில் மாஸ்ட் உச்சியில் வெள்ளை விளக்கு. டக் படகுகள் (இழுவைப் படகுகள்) இரவு முழுக்கப் பக்கத்திலேயே போகும், அதன் அலையில் சமையலறைப் பாத்திரம் உருளும். வழிக்குள் ஒரு கால் வைத்தபடி நிற்காதீர்கள், மிதவைக் கோட்டுக்கு உள்ளேயே நில்லுங்கள். இரவு ஒன்பது மணிக்கு ஒரு பீரங்கிச் சத்தம் கேட்கும். கப்பல் கட்டும் தளத்தின் பழைய வழக்கம் அது. எழுந்து ஓட வேண்டாம்.

நங்கூரத்தை எடுக்கும்போது அந்தச் சேறு ஒட்டிக்கொண்டு வரும், கறுப்பாக, நாற்றத்தோடு. கழுவாமல் பெட்டிக்குள் விட்டால் இரண்டு நாளில் படகு முழுக்க நாறும். வாளியும் பிரஷும் அணியத்தில் தயாராக இருக்கட்டும். கிளம்ப அரை மணி கூடுதலாகவே ஒதுக்கு.

இப்போது டீசல். படகு நிற்கும்போது டாங்கின் அடியில் தண்ணீரும் அழுக்கும் படிந்து கிடக்கும், ஒரு தொந்தரவும் இருக்காது. விரிகுடாவில் குலுங்கும்போது அத்தனையும் கலங்கி ஃபில்டருக்கு வரும். அதனால்தான் இன்ஜின் எப்போதும் மோசமான இடத்தில் நிற்கிறது. கப்பல் வழியில், போர்க்கப்பலுக்கு முன்னால் நின்றால், நேர்கோடும் மாறாத வேகமும் பேச்சோடு போச்சு. ஆகவே நுழைவதற்கு முந்தைய நாள் முதல் ஃபில்டரை மாற்றிவிடு, நார்ஃபோக்கில் நிற்கும்போது இன்னொரு முறை பார். டாங்க் வால்வை மூடு. அடிக் கண்ணாடிக் கிண்ணத்தின் திருகைத் திறந்து ஒரு பாட்டிலில் வடி. தண்ணீர் அடியிலும் டீசல் மேலேயும் பிரிந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். பழையதை எடுத்துவிட்டுப் புது 10 மைக்ரான் போடு, ரப்பர் வளையத்தில் கொஞ்சம் டீசல் தடவு. மூடும் முன் ஃபில்டர் கூட்டைச் சுத்தமான டீசலால் விளிம்பு வரை நிரப்பு. இதைச் செய்யாமல் விடுபவர்கள்தான் பிறகு அரை மணி நேரம் கைப் பம்பை அடித்துக்கொண்டிருப்பார்கள். வால்வைத் திற, இன்ஜின் மேல் இருக்கும் இரண்டாவது ஃபில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்திக் கைப் பம்பை அடி. குமிழி நின்று வெறும் டீசல் வந்ததும் இறுக்கு. முடிந்ததும் கியரில் போட்டுப் பத்து நிமிடம் சுமையோடு ஓட்டிப் பார். சும்மா ஓடும்போது நன்றாக இருக்கும் இன்ஜின், சுமை ஏறியதும் மூச்சுத் திணறினால் எங்கோ காற்று உள்ளே போகிறது. பெரும்பாலும் அந்த ரப்பர் வளையம் சரியாக உட்காராததுதான் காரணம்.

கூடவே கடல்நீர் வடிகட்டியைத் திறந்து கழுவு, பின்னால் புகைக்குழாயில் தண்ணீர் வழக்கம்போல் வருகிறதா என்று பார். குறைந்திருந்தால் இம்பெல்லரை (தண்ணீரை இழுக்கும் ரப்பர் விசிறியை) கழற்று. இறக்கை ஒன்று உடைந்திருந்தால் புதியதை மாட்டுவதோடு விடாமல் உடைந்த துண்டைத் தேடி எடு. அது போய் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த வாரம் இன்ஜினைச் சூடாக்கும்.

கழிவுத் தொட்டியை மெரினாவில் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவைக் கொட்டக்கூடாது. வெளியே விடும் வால்வை மூடிக் கேபிள் டை போட்டு இறுக்கி வை. கோஸ்ட் கார்டு ஏறிப் பார்த்தால் அவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது இதைத்தான். அவர்கள் வாரண்ட் இல்லாமலேயே ஏறலாம். படகுப் பத்திரம், தேதி முடியாத ஒளிச் சிக்னல்கள், தீயணைப்பான், 26 அடிக்கு மேற்பட்ட படகுக்கு எண்ணெய், குப்பை பற்றிய இரண்டு அறிவிப்புத் தகடுகள் எல்லாம் ஓர் இடத்தில் இருக்கட்டும். ஒளிச் சிக்னலின் ஆயுள் 42 மாதம்தான், அச்சிட்டிருக்கும் தேதியைப் படித்துப் பார்.

ஊரைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, நீங்களே சுற்றிப் பார்ப்பீர்கள். போர்ட்ஸ்மவுத்துக்கும் நார்ஃபோக்குக்கும் நடுவில் ஃபெர்ரி ஓடுகிறது. நார்ஃபோக் பக்கம் இறங்கினால் 1944-ல் பணிக்கு வந்த விஸ்கான்சின் போர்க்கப்பல் பக்கத்தில். 887 அடி நீளம், 16 அங்குலப் பீரங்கி ஒன்பது. 1862 மார்ச்சில் இந்தத் தண்ணீரில்தான் இரும்புக் கவசக் கப்பல்கள் இரண்டு முதல் முறையாக மோதிக்கொண்டன. அதில் ஒன்றான மானிட்டரின் சுழல் கோபுரத்தை 2002-ல் கடலடியிலிருந்து தூக்கினார்கள். அது நியூபோர்ட் நியூஸில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, வாடகைக் கார் இருந்தால் போய் வாருங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை. நார்ஃபோக் நேவல் ஷிப்யார்டு நார்ஃபோக்கில் இல்லை, போர்ட்ஸ்மவுத்தில் இருக்கிறது. போர்ட்ஸ்மவுத் நேவல் ஷிப்யார்டு என்பதோ வடக்கே மெயின் மாநிலத்தில். உதிரிப் பாகம் எதையாவது பார்சலில் வரவழைப்பதாக இருந்தால் மெரினாவின் முழு முகவரியை வாங்கி எழுது.

தெற்கே கிளம்பும் நாளை மாப்பிள்ளை நன்றாகக் கணக்குப் போட வேண்டும். இந்த நீர்வழியின் மைல்கள் சாலை மைல்கள், கடல் மைல்கள் அல்ல. 5 நாட் வேகம் என்றால் மணிக்கு ஐந்தே முக்கால் மைல். கப்பல் கட்டும் தளத்தை ஒட்டி அலை எழுப்பாமல் போக வேண்டும் என்பதால் அதற்கு மேல் கணக்கு வைக்காதீர்கள். ஜோர்டன் பாலம் 145 அடி, அதைப் பற்றிக் கவலை இல்லை. 5.8-ஆம் மைலில் கில்மர்ட்டன் தூக்குப் பாலம். மூடியிருக்கும்போது 35 அடி. வேலை நாட்களில் காலை 6:30 முதல் 9:30 வரையும் மாலை 3:30 முதல் 5:30 வரையும் அது திறக்காது. பக்கத்திலேயே ரயில் பாலம் ஒன்று இருக்கிறது. ரயிலுக்காக அது இறங்கியிருந்தால் கில்மர்ட்டனும் திறக்காது, எவ்வளவு கெஞ்சினாலும். 8:30-க்கு ஹாஸ்பிடல் பாயின்ட்டை விட்டால் 9:30-க்குப் பாலத்தடியில் இருப்பீர்கள். சானல் 13-ல் பாலத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். முதல் வரிசையில் நிற்க அவசரப்படாதீர்கள். காத்திருக்கும் படகுகளில் ஒன்று எப்போதும் காற்றில் குறுக்கே திரும்பிக்கொண்டிருக்கும்.

அதைத் தாண்டினால் இரண்டு வழி பிரிகிறது. வலப்பக்கம் டீப் கிரீக் லாக் (படகை உள்ளே நிறுத்தி நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் கதவறை) வழியாக டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய். 1805-ல் திறந்தது, 22 மைல், இரண்டு பக்கமும் காடு. டீப் கிரீக் லாக் திறப்பது ஒரு நாளைக்கு நான்கு முறை: 8:30, 11:00, 1:30, 3:30. கிளம்பிய நேரப்படி 11 மணிக்குச் சரியாக இருக்கும். அழகான வழிதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஆழம் 6 அடி. உங்களுக்கு அடியில் மிஞ்சுவது 9 அங்குலம். மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டை தட்டும், பச்சைப் பாசி வடிகட்டியை அடைக்கும். நான் சொன்னால் இந்த முறை வேண்டாம்.

நேரே போகும் வழியில் கிரேட் பிரிட்ஜ் லாக், 11.5-ஆம் மைலில். அதற்கடுத்த பாலம் காலை 6 முதல் மாலை 7 வரை மணிக்கு ஒரு முறை, சரியாக மணியடிக்கும்போது திறக்கும். லாக்கை அதற்கேற்ப இயக்குவார்கள், அதனால் 10:30-க்கே லாக் வாசலில் இருங்கள். தெற்குச் சுவரில் ரப்பர் பதித்திருக்கிறார்கள், அந்தப் பக்கம் கேட்டு வாங்குங்கள். நீர்மட்டம் ஒன்றிரண்டு அடிதான் மாறும். முன்கயிறு, பின்கயிறு இரண்டையும் முடிச்சுப் போடாமல் கையில் பிடித்து, மட்டம் மாற மாற விட வேண்டும். முடிச்சுப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களின் க்ளீட் (கயிறு கட்டும் கொக்கி) பிடுங்கிக்கொள்ளும்.

மாஸ்ட் உயரம். இந்த வழியின் நிலைப்பாலங்கள் 65 அடி என்று எழுதியிருக்கும், ஆனால் 126-ஆம் மைலில் இருக்கும் வில்கர்சன் பாலம் 64 அடிதான். உங்கள் மாஸ்ட் 60, உச்சியில் ஆன்டெனா 3 அடி. ஆக ஓர் அடி இடைவெளி. அந்தப் பகுதியில் நிலவின் ஏற்ற வற்றம் கிடையாது, காற்றுதான் தண்ணீரை ஏற்றி இறக்கும். இரண்டு நாள் ஒரே பக்கம் அடித்தால் அந்த ஓர் அடி காணாமல் போய்விடும். பாலத்தூணில் இருக்கும் அளவுப் பலகையைப் படித்த பிறகே உள்ளே போங்கள். ஆன்டெனா மட்டும் உரசினால் மடங்கும், காற்றுமானி உரசினால் உடையும்.

வெளியே, ஹட்டெராஸ் முனையைச் சுற்றிப் போகலாமா என்று நீ கேட்டதற்குப் பதில். தெற்கே வட கரோலினாவின் பொஃபோர்ட் வரை உள்வழியில் 204 மைல், பகலில் மட்டும் ஓடினால் நான்கைந்து நாள். வெளியே ஏறக்குறைய 200 கடல் மைல், ஒன்றரை நாள் இரவும் பகலும். கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம் அந்த முனைக்குப் பக்கத்தில் வடகிழக்காக ஓடுகிறது. எதிரே வாடைக் காற்று அடித்தால் அலை சுவராக நிற்கும். வானிலை அறிவிப்பில் வடக்கு என்ற சொல்லே இருக்கக்கூடாது. அக்டோபர் கடைசியில் குளிர்க் காற்று முகப்புகள் சில நாட்களுக்கு ஒன்றாக வரும்: தென்மேற்கு ஏறி, மழை, சட்டென்று வடமேற்கு. ஒன்று கடந்து, காற்றும் அலையும் தணிந்து, அடுத்தது வருவதற்குள் 36 மணி நேரம் தெளிவாகத் தெரிந்தால் வெளியே போ. தெரியவில்லை என்றால் உள்வழிதான். நவம்பர் 1-க்கு முன் தெற்கே போகக் கூடாது என்று உங்கள் இன்சூரன்ஸ் பத்திரத்தில் இருக்கிறதா என்று முதலில் படித்துப் பார், பலவற்றில் ஓர் அட்சரேகை எழுதியிருப்பார்கள். இருந்தால் நார்ஃபோக்கிலேயே கூடுதலாக நான்கு நாள் நிற்க வேண்டியிருக்கும், மெரினாவுக்கு இப்போதே சொல்லி வைக்க வேண்டும். அந்த வாரம் எல்லோரும் அதே கணக்கோடுதான் வந்து சேர்வார்கள்.

அம்மா கேட்கச் சொன்னாள்: லைஃப் ஜாக்கெட்டின் வாயு சிலிண்டரைக் கழற்றி எடை பார்த்தீர்களா? அதன் மேலேயே எவ்வளவு கிராம் இருக்க வேண்டும் என்று பொறித்திருக்கும். சமையலறைத் தராசு போதும். குறைந்திருந்தால் நார்ஃபோக்கிலேயே வாங்கிவிடுங்கள், தெற்கே போகப் போகக் கடைகள் சிறிதாகும்.

உள்ளே நங்கூரம் போட்டதும் ஒரு செய்தி அனுப்பு.

அன்புடன்,
அப்பா